ஜாடியின் மேல் எழுதியது

வக்ஷு நதிக்கரைக் கருவூலத்தில்
அவனுக்கு இரண்டு பெயர்.
சம்பள ஏட்டில் பொத்தமொதோரஸ்,
வீட்டில் வக்ஷுதாத்.
இரண்டுக்கும் பொருள்
ஆறு கொடுத்த பிள்ளை.
ஆறு ஒன்றுதான்,
கூப்பிடுகிற வாய்தான் வேறு.

வென்றவன் இந்த ஆற்றைக் கடந்து
ஐந்து தலைமுறை ஆகிறது.
கூடாரத் தோல்களை மூட்டி
உள்ளே வைக்கோல் திணித்து
படையோடு மிதந்து போனானாம்.
முப்பத்துமூன்றைத் தாண்டாத ஆயுள்.
அதற்குள் எத்தனை ஊருக்கு
ஒரே பெயர், தன் பெயர்!
"அது எங்கள் களத்து வைக்கோல்.
இன்னும் காசு வரவில்லை"
என்பான் மைத்துனன் வரஸ்பி, குடித்திருக்கும்போது.
குடிப்பது யவனர் கிண்ணத்தில்.

வென்றவன் விட்டுப்போன
கால் நொண்டிய சிப்பாய்கள்
ஊருக்குத் திரும்ப வழியில்லாமல்
இங்கேயே ஓர் ஊர் செய்தார்கள்.
மண் செங்கல்லில் நாடக அரங்கு.
கல்தூண்களின் உச்சியில் ஓர் இலை,
இந்தப் பக்கத்து ஆடு எதுவும்
தின்றறியாத இலை.

பிறகு மல்லுக்கூடம்.
பையன்கள் அம்மணமாக நின்று
உடம்பெல்லாம் எண்ணெய் பூசவேண்டும்.
ஒலிவ எண்ணெய்.
அதுதான் முறை.
ஒலிவ மரமோ மேற்கே எட்டு மாத வழி.
கப்பல், கழுதை, ஒட்டகம்,
நடுவில் ஒரு பாலைவனம், மறுபடி ஒட்டகம்.
இந்த வருஷம்
ஒட்டகம் மட்டும் வந்தது.
வழியில் பார்த்தியர் இருந்தார்களாம்.

கடைசி ஜாடியைச் சாய்த்துப் பார்த்தான் வக்ஷுதாத்.
அடியில் கசடு,
கசடில் ஒரு குளவி.

இரவோடு இரவாக
வரஸ்பியின் செக்கிலிருந்து
தோல் துருத்தியில் எள்ளெண்ணெய் வந்தது.
ஊற்றி, வாயைக் களிமண்ணால் அடைத்து,
மையைத் தொட்டு ஜாடியின் தோளில்
யவன எழுத்தில் வடிவாக எழுதினான்:
ஒலிவ எண்ணெய்.
இரண்டு ஜாடிகளிலிருந்து மாற்றியது.
அளவு சரி.
முத்திரை, பொத்தமொதோரஸ்.
கை நடுங்கியது பெயரில் மட்டும்.

(இதை எழுதுகிற என் மொழியில்
எண்ணெய் என்றாலே எள் நெய்தான்.
ஒலிவ எண்ணெய் என்று நான் சொல்லும்போதும்
அடியில் ஓர் எள் கிடக்கிறது.
அதனால் அவனைக் குற்றம் சொல்ல
எனக்கு வாய் வரவில்லை.)

சோதிக்க வந்தார் நிக்கேரதோஸ்,
மல்லுக்கூடத் தலைவர், வயது எழுபது.
கடல் பார்த்ததில்லை.
அவர் அப்பாவும் பார்த்ததில்லை.
கடலைப் பற்றி மணிக்கணக்காகப் பேசுவார்.

முத்திரை உடைத்து
விரலை விட்டார்.
முகர்ந்தார்.
நாக்கில் வைத்தார்.
உத்தரத்தில் ஒரு புறா
இடம் மாறி உட்கார்ந்தது.
கணக்கர்கள் எழுத்தாணியைப் பிடித்தபடி நின்றார்கள்.

"தாய்நாட்டு வாசனை"
என்றார் யவனத்தில், எல்லாருக்கும் கேட்க.
"எழுதிக்கொள்ளுங்கள்."

வாசல்வரை போனவர்
நின்றார்.
தன் ஆயாவிடம் படித்த
எங்களூர்க் கொச்சையில்,
முகத்தைத் திருப்பாமலே,
"அடுத்த தடவை
வறுக்காமல் ஆட்டச் சொல்" என்றார்.
"எள் தெரிகிறது."

சாயங்காலம் பையன்கள் பளபளவென்று மோதினார்கள்.
யவன வீட்டுப் பையன், குதிரைக்காரன் மகன்,
வக்ஷுதாத்தின் மூத்தவன்.
பிடிகளுக்கெல்லாம் யவனப் பெயர்.
விழும்போது வருகிற வசவு
சந்தையில் கற்றது.
எண்ணெயும் புழுதியும் வியர்வையும் அப்பிய முதுகை
வெண்கல வளைகத்தியால் வழித்து
சுவரில் உதறினார்கள்.

இரவு, மூத்தவன் தூங்கியபின்
ஹுமாயா அவன் கழுத்தருகே குனிந்தாள்.
அவளுக்கு எந்த எழுத்தும் வாசிக்கத் தெரியாது.
"என் தம்பி செக்கு" என்றாள்,
கேள்வியாக இல்லாமல்.

வக்ஷுதாத் பதில் சொல்லவில்லை.
விளக்கை ஊதி அணைத்தான்.
திரியிலிருந்து எழுந்த புகையிலும்
அதே வாசனை.